புளியமரத்தடியில் ஒரு பாராசூட்

குப்பம்மா வந்து நின்றபோது நான் ஏழுமலைக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு மச்சான் தைலம் போட்டு முதுகு தேய்க்கிற காலம் வரும் என்று எவனாவது சொல்லியிருந்தால், நான் கண்டக்டராக இருந்த நாளில் அவனை நடுவழியில் இறக்கிவிட்டிருப்பேன். காலம் வந்துவிட்டது. தேய்த்தேன்.

ஏழுமலை என் தங்கை கஸ்தூரியின் கணவன். சந்தவாசலில் அவர்கள் வீடு. ஜவ்வாது மலைக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களைத் தன்னோடு கட்டிக்கொண்டு பாராசூட்டில் பறப்பது அவன் வேலை. விழுந்து முதுகெலும்பு உடைந்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் நடப்பான். பேச்சு அதைவிடக் குறைவு.

குப்பம்மா மலைக்காரி. அவன் விழுந்தபோது முதலில் ஓடிவந்து தூக்கியவள். சந்தைக்குப் புளி கொண்டுவந்த கையோடு அவனையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள். ஒரு கூடைப் புளியைக் கூடத்தில் இறக்கிவைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்க மரத்துப் புளிதான். உங்க துணி வந்த நேரம், இந்த வருஷம் ஒரு பழம் மண்ணுல விழல. விரிச்சுப் போட்டா மரத்தடி முச்சூடும் ஆரஞ்சு கலர்ல ஜம்முனு கீது" என்றாள்.

என் அம்மா சாமி படத்தைப் பார்த்தாள். கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் தைலப் புட்டியின் மூடியைத் தேடினேன்.

"எந்தத் துணி?" என்றான் ஏழுமலை.

"அதாம்பா, உன் பாராசூட்டுத் துணி. வூட்ல குடுத்தனுப்பினாங்களே."

அப்போது அவன் கத்தினான். தெருக்கோடியில் பால் ஊற்றப் போய்க்கொண்டிருந்தவர் வண்டியை நிறுத்தினார் என்று பிறகு சொன்னார்கள்.

விழுந்த கதை

இந்தக் கல்யாணமே எனக்குப் பிடிக்கவில்லை. பெண் கேட்டு வந்தபோது மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டேன். காவலூர்ப் பக்கம் மலை முகட்டிலிருந்து பறக்கிறான் என்றார்கள். பறக்கிறான் என்றால், ஏர்போர்ட்டில் வேலையா என்றேன். இல்லை, ஓடிப்போய்க் குதிப்பான் என்றார்கள். நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன். கஸ்தூரி உள்ளேயிருந்து வந்து, "நீ டூட்டிக்குப் போறதுன்னா போண்ணா. நான் அவரத்தான் கட்டிக்கப் போறேன்" என்றாள். எங்கள் வீட்டில் பிடிவாதத்துக்குப் பஞ்சமில்லை.

அவன் விழுந்தது புளி உலுக்குகிற காலம். முகட்டில் பயணிகள் காத்திருந்தார்கள். அவர்களை ஏற்றுவதற்கு முன்னால் காற்று எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தனியாகக் கிளம்பியிருக்கிறான். அந்த ஒரு நல்ல காரியத்துக்காக அவனுக்கு நான் எத்தனை முதுகும் தேய்க்கலாம். இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு விழுந்திருந்தால் இந்தக் கதையை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

மேலே போனதும் துணியின் ஒரு பக்கம் மடங்கிப்போனதாம். சுற்றிச் சுற்றி இறங்கி, குப்பம்மாவின் புளியமரத்தில் விழுந்தான். மரம் முதலில் அவனைப் பிடித்துக்கொண்டது. பிறகு கிளை முறிந்து கீழே போட்டது.

மரத்தடியில் குப்பம்மாவும் அவள் புருஷனும் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். புளி உலுக்கும்போது பழம் மண்ணில் விழாமல் இருக்க அடியில் படுதா விரிப்பார்கள். அந்தப் படுதாவை இரண்டாகக் கிழித்து, உலுக்குகிற கழிகளில் கட்டி டோலியாக்கி, ஜீப் வருகிற பாதை வரைக்கும் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த வருஷம் பாதிப் புளி அவர்களுக்கு மண்ணோடுதான் போயிற்று. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து முதுகை நிமிர்த்தினார்கள். நடப்பாரா என்று கேட்டால் டாக்டர், "பார்க்கலாம்" என்பார். காலையில் பார்க்கலாம், சாயந்தரம் பார்க்கலாம். வேலையில் இருந்த காலத்தில், சில்லறை பாக்கி கேட்டவர்களிடம் நானும் இதே வார்த்தையைத்தான் சொல்வேன். அது எவ்வளவு எரிச்சலான வார்த்தை என்று அங்கேதான் புரிந்தது.

ஒரு நாள் அவன் கால் கட்டை விரல் அசைந்தது. கஸ்தூரி வராந்தாவுக்கு ஓடிப்போய், யாரும் தெரிந்தவர்கள் கண்ணில் படாததால் டீ விற்கிறவரிடம் சொல்லி அழுதாள். அவர் காசு வாங்காமல் ஒரு டீ கொடுத்தாராம்.

வந்து பார்த்தவர்கள்

நான் ஓய்வு பெற்றுக் கணியம்பாடியில் சும்மா உட்கார்ந்திருந்த நேரம் அது. என் மனைவியிடம், கொஞ்ச நாள் சந்தவாசல் போய் இருந்துவிட்டு வருகிறேன் என்றேன். "போய்ட்டு வாங்க. இங்க என்னாண்ட கத்திகினு கீறதுக்கு அங்க போயாவது கத்துங்க" என்று பையை எடுத்துக் கொடுத்தாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஏழுமலையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே கூட்டம் ஆரம்பித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவர் படுத்துவிட்டால் போய்ப் பார்க்காமல் இருக்கக் கூடாது. பார்க்காமல் போனால் அடுத்த கல்யாணத்தில் அதைச் சொல்லிக்காட்டுவார்கள். ஆகவே எல்லோரும் வந்தார்கள். ரொட்டி, ஹார்லிக்ஸ், ஆப்பிள். வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, அவனை வைத்துக்கொண்டே அவனைப் பற்றிப் பேசினார்கள்.

"எங்க சித்தப்பா ஒருத்தரு இப்டித்தான் தென்னமரத்துலேர்ந்து வுழுந்தாரு. அதுக்கப்புறம் ஏந்திரிக்கவே இல்ல" என்றார் ஒருவர். ஆப்பிளை வேறு அவரே வெட்டித் தின்றுகொண்டிருந்தார்.

நான் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து என் பழைய விசிலை எடுத்துவந்து ஊதினேன். அவர் துள்ளி எழுந்தார்.

"பார்த்தாச்சுன்னா எறங்குங்க. பின்னாடி ஆளு நிக்குது" என்றேன்.

அன்றிலிருந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். இருவர் உள்ளே போனால் இருவர் வெளியே வரவேண்டும். சித்தப்பா கதை உள்ளவர்கள் வாசலோடு சரி. திமிர் பிடித்தவன் என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும். முப்பது பேர் ஏறுகிற பஸ்ஸில் எண்பது பேரை ஏற்றி இறக்கியவனுக்கு இது ஒரு கூட்டமா?

கஸ்தூரிதான் பாவம். மூத்திரக் குழாய் மாட்டிய பையைக் காலி செய்வது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டிவிடுவது எல்லாம் அவள். நாங்கள் ஆளாளுக்கு ஓடி ஓடிச் செய்தோம். அவன் கையை நீட்டுவதற்குள் தண்ணீர் வரும். கை நன்றாகத்தானே இருக்கிறது, அவனே எடுத்துக் குடிக்கட்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மா எடுத்த முடிவு

பறக்கிற பேச்சே வீட்டில் கூடாது என்று கஸ்தூரி சொல்லிவிட்டாள். அம்மா அதற்கு மேலே போனாள். சன்னலுக்கு நேராகக் கட்டில் கிடந்தால் மலை தெரிகிறது, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பிள்ளை ஏங்குகிறான் என்று கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாள். போட்டேன். அதன் பிறகு அவனுக்குச் சுவர்தான் தெரிந்தது. வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் அம்மா டிவியின் சத்தத்தைக் கூட்டுவாள். இதையெல்லாம் நாங்கள் அன்பு என்று நினைத்துத்தான் செய்தோம்.

மிச்சம் இருந்தது பாராசூட். அதை மரத்திலிருந்து எடுத்து மூட்டையாகக் கட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்கு அது கண்ணில் பட்டாலே உடம்பு உதறும். அதற்குத் தோஷம் இருக்கிறது, வீட்டில் வைக்கக் கூடாது என்றாள். எரிக்கலாம் என்று பார்த்தால் துணி பளபளவென்று இருந்தது. எங்கள் வீட்டில் நல்ல துணியை எரிக்க யாருக்கும் மனசு வராது.

அம்மாதான் சொன்னாள்: "அந்த மலக்காரப் பொண்ணு, நம்ம புள்ளைக்காகப் படுதாவக் கிழிச்சுட்டு நிக்குது இல்ல. இத்தக் குடுத்துடு. இன்னாத்துக்காவது விரிச்சுக்கட்டும்."

சரியான யோசனை என்று எனக்கும் பட்டது. நானே மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பறக்கிற துணியைக் கொண்டுபோய்ப் புளியமரத்தடியில் விரிக்கக் கொடுத்த குடும்பம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். ஏழுமலை கேட்டால், அவன் வேலை பார்த்த கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்வதாக எங்களுக்குள் ஏற்பாடு. அவன் கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கணியம்பாடியிலிருந்து ஒரு பிசியோ பெண் ஸ்கூட்டியில் வந்து பயிற்சி கொடுப்பாள். வாக்கர் வரைக்கும் அவனைக் கொண்டுவந்தது அவள்தான். அதற்கு மேல் அவன் நகரவில்லை. நான் விசில் வைத்துக்கூடப் பார்த்தேன். இரண்டு விசில் கொடுத்தால் புறப்பட வேண்டும், ஒரு விசில் கொடுத்தால் நிற்க வேண்டும். நான் ஊதுவதற்கு முன்பே அவன் நின்றுவிடுவான்.

ஒரு நாள் அந்தப் பெண் என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள். "காலுக்கு வலு வந்துடுச்சு சார். அவருதான் வர மாட்டேன்றாரு. இன்னும் ரெண்டு மூணு மாசம் இப்டியே உட்கார்ந்துட்டாருன்னா அப்புறம் வாக்கரோடயே நின்னுடும்" என்றாள்.

கஸ்தூரி சமையலறைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழுமலை நாற்பதைக்கூடத் தாண்டாத ஆள். ஓடி ஓடிக் குதித்தவன்.

கத்தின பிறகு

அந்தச் சமயத்தில்தான் குப்பம்மா புளிக்கூடையோடு வந்தாள், அவன் கத்தினான்.

"அது இன்னா துணின்னு தெரியுமாடா உங்களுக்கு? அதுல புளி உலுக்குவீங்களா?" என்று கத்தினான். டா என்றது என்னைத்தான். கல்யாணமான நாளிலிருந்து என்னை மச்சான் என்பதைத் தாண்டி வேறு மாதிரி அவன் கூப்பிட்டதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு வருஷமாக அவன் தொண்டையிலிருந்து இப்படி ஒரு சத்தம் வந்து நான் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தால் கஸ்தூரியின் கண்ணெல்லாம் தண்ணீர், உதடு மட்டும் சிரிக்கிறது.

குப்பம்மா அசரவில்லை. "குடுத்தாங்க, வாங்கினேன். நான் இன்னா திருடிக்கினா போனேன்? வோணும்னா வந்து எடுத்துக்க" என்றாள்.

"வரேன்" என்றான்.

"ஜீப்பு எங்க மரம் வரைக்கும் வராது. பாதையில நடந்துதான் வரணும். இன்னும் மூணு மரம் பழுத்து உலுக்கணும் எங்களுக்கு. அதுக்குள்ள வா. அதுக்கப்புறம் எலி வெட்டாம இருக்கச் சுருட்டிப் பரண்ல போட்டுடுவேன்."

அம்மா அழ ஆரம்பித்தாள். "வாணாம்பா, நான் சொன்னதுதாம்பா தப்பு, இவன அனுப்பி எடுத்துனு வரச் சொல்றேன்" என்று என்னைக் காட்டினாள்.

"யாரும் போகக் கூடாது. நான்தான் போவேன்" என்றான்.

நான் கஸ்தூரியைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் கேட்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த வாக்கரு மலையில ஏறாது. கம்பு புடிச்சு நடக்கக் கத்துக்கங்க" என்றாள். பிறகு கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தாள். இன்னொரு முனையை நான் பிடித்தேன். மறுபடி சன்னல் பக்கம் திருப்பிப் போட்டோம்.

அடுத்து வந்த வாரங்களை என்னால் மறக்க முடியாது. பிசியோ பெண் சொன்னதைப்போல இரண்டு மடங்கு அவன் செய்தான். கம்பு ஊன்றித் தெருவில் இறங்கினான். முதல் நாள் பக்கத்து வீட்டு வாசலோடு திரும்பினான். பிறகு மளிகைக் கடை, பிறகு பஸ் நிறுத்தம். இரண்டு தடவை விழுந்தான். தூக்கப் போனால் திட்டுவான். அந்தத் தென்னைமரச் சித்தப்பா கதையைச் சொன்னவர் எதிரே வந்தார். "மாமா, உங்க சித்தப்பாவக் கேட்டதாச் சொல்லுங்க" என்றான் ஏழுமலை. அவன் கேலி பேசிக் கேட்டு எத்தனை மாதம். நான் அங்கேயே நின்று சிரித்தேன்.

மரத்தடியில்

குப்பம்மா சொன்ன மூன்றாவது மரத்தை உலுக்குகிறார்கள் என்று செய்தி வந்ததும் கிளம்பினோம். ஏழுமலை, கஸ்தூரி, நான். அம்மா வரமாட்டேன் என்று சாமி விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஜீப் நின்ற இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதை. எனக்கே மூச்சு வாங்கியது. அவன் கம்பை ஊன்றி, ஒரு காலை வைத்து, மற்றதை இழுத்து வைத்து ஏறினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஓர் இடத்தில் கல் உருண்டு மண்டி போட்டுவிட்டான். நான் கையை நீட்டினேன்.

"தொடாத மச்சான்."

தொடவில்லை. அவனே கம்பைப் பிடித்து எழுந்தான்.

மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மேலே உலுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கீழே ஆரஞ்சு நிறத்தில் அந்தத் துணி விரிந்துகிடந்தது. அதன்மேல் பழமும் ஓடும் இலையும். கிளையில் மாட்டிக் கிழிந்த இடங்களைக் குப்பம்மா தன் பழைய பச்சைப் புடவையைக் கிழித்து ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தாள். அதிலிருந்து போகிற கயிறுகளைச் சிக்கல் விழக் கூடாது என்று சடை மாதிரி பின்னி ஓரமாகப் போட்டிருந்தாள்.

அவன் திட்டப்போகிறான் என்று நினைத்தேன். குனிய முடியாததால் மெதுவாக உட்கார்ந்து, ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். "நல்லாத் தச்சிருக்கியேம்மா" என்றான்.

"பின்ன? படுதா ஓட்டையா இருந்தா பழம் நிக்குமா?" என்றாள் அவள்.

சடையைப் பிரித்தான். வெகு நேரம் ஆயிற்று. அதற்குள் எல்லோரும் முடிந்த வரைக்கும் பழத்தைக் கூடைகளில் அள்ளினார்கள். மரத்தை விட்டுத் தள்ளி, பள்ளத்தாக்கைப் பார்த்த வெட்ட வெளிக்குத் துணியை இழுத்துப் போடச் சொன்னான். கீழேயிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. அவன் கம்பைக் கீழே போட்டுவிட்டு, கயிறுகள் சேருகிற பட்டைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பறக்கப்போறது இல்ல. தூக்கிப் பார்க்கறேன், அவ்ளோதான். பின்னாடி யாராவது புடிங்க" என்றான்.

நான் வேட்டியை மடித்துக்கொண்டு முன்னால் போனேன். அதற்குள் கஸ்தூரி போய்விட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னாலிருந்து அவன் இடுப்பை இறுகக் கட்டிப் பிடித்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"புடிச்சிருக்கேன். இழுங்க" என்றாள்.

இழுத்தான். துணி ஒரு முறை புரண்டது, பிறகு காற்றை வாங்கிக்கொண்டு மளமளவென்று எழுந்து அவன் தலைக்கு மேல் போய் நின்றது. அதன் மடிப்புகளில் மிச்சமிருந்த புளியெல்லாம் என் வழுக்கைத் தலையில் கொட்டியது. மரத்தின்மேல் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் தலையைத் தடவக்கூட இல்லை, அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு காலும் நடுங்கின. காற்று இழுத்தது. ஆனால் கால்கள் நின்றன. கம்பு இல்லை, வாக்கர் இல்லை, அவன் சொந்தக் காலில் நின்று, தலைக்கு மேல் அத்தனை பெரிய துணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் எனக்கு அது வந்தது.

போதும் என்று கஸ்தூரி சொல்லவில்லை. அவனே பார்த்து இறக்கினான். துணி மெதுவாகத் தரையில் படுத்தது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு குப்பம்மாவைப் பார்த்து, "இது இனிமே ஆளத் தூக்காதும்மா. நீயே வெச்சுக்க" என்றான்.

"நான்தான் அப்பவே வெச்சுகினேனே. நீ இன்னா புதுசாக் குடுக்கறது?" என்றாள் அவள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து துணியை மறுபடி மரத்தடிக்கு இழுத்துக் கொடுத்தோம்.

இறங்கும்போது அவன் முன்னால் நடந்தான், கஸ்தூரி அவன் பின்னால், நான் கடைசியில்.

"ஏங்க, புதுசு வாங்கினா இன்னா கலர்ல வாங்குவீங்க?" என்றாள் கஸ்தூரி.

பறக்கிற பேச்சே வீட்டில் கூடாது என்றவள். நான் பாதையில் அப்படியே நின்றுவிட்டேன்.

அவன் திரும்பாமல், கம்பை ஊன்றி அடுத்த கல்லில் காலை வைத்தபடி, "நீயே சொல்லு" என்றான்.

"மஞ்ச" என்றாள் அவள். ஒரு நொடி யோசிக்கவில்லை. எப்போதோ முடிவு செய்து வைத்திருக்கிறாள்.